வில்பர் வேரின் இசையும் சிறையும்

கலைஞன் ஒருவன் குற்றவாளியெனத் தீர்ப்புப் பெற்றுவிட்டால், அவன் கலையை அளக்கும் கோலும் மாறிவிடுகிறது. ஒரு சாரார் அவனை ஒதுக்குவர். மற்றொரு சாரார் அவன் இசையிலெல்லாம் சிறைத்துயரையே கேட்பர். அமெரிக்க ஜாஸ் கலைஞர் வில்பர் வேரின் வாழ்க்கை இவ்விரு பிழைகளுக்குமே எளிதில் இடங்கொடுப்பது.

1923இல் சிகாகோவில் பிறந்த அவருக்கு முதல் பேஸ் கருவியைக் கையாலேயே செய்து கொடுத்தவர் வளர்ப்புத் தந்தை. ஆளுயரத்துக்கும் மேலாக நிற்கும் அத்தந்திக் கருவியின் பணி, குழுவின் இசையை அடியில் நின்று தாங்குவது. பெரும்பாலோர் தட்டுக்கு ஒரு சுரமென இடைவிடாது நடந்து செல்வர். வேரோ சில சுரங்களே போதுமென்றிருந்தார். எதிர்பார்த்த இடத்தில் வாளாவிருந்து, எதிர்பாரா இடத்தில் தந்தியைத் தொட்டார்.

1957 அவருடைய பொன்னாண்டு. நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் பியானோ மேதை தெலோனியஸ் மங்க்கின் குழுவில், ஜான் கோல்ட்ரேனுடன் வாசித்தார். தம் பெயரில் ‘தி சிகாகோ சவுண்ட்’ என்னும் இசைத்தட்டையும் பதிவு செய்தார். நவம்பர் 3ஆம் நாள் இரவு, வில்லேஜ் வேன்கார்ட் விடுதியில் சாக்சபோன் கலைஞர் சன்னி ரோலின்சும் முரசுக்கலைஞர் எல்வின் ஜோன்சும் அவருடன் இருந்தனர், பியானோ இல்லை. தாங்குவதற்கு வேறு கருவியில்லாத அந்த மேடையிலும் குறைவாக வாசிக்க எத்துணைத் துணிவு வேண்டும்!

போதைப் பழக்கம் அவரை விடவில்லை. 1960களில் அது அவரைச் சிறைக்கும் அனுப்பியது. 1968இல் அவர் பதிவு செய்த ‘சூப்பர் பேஸ்’ 2012இல்தான் வெளிவந்தது. அவரோ 1979இலேயே ஃபிலடெல்ஃபியாவில் மறைந்துவிட்டார்.

அவர் இசையின் மௌனத்தைச் சிறையின் எதிரொலி என்பார்க்கு ஆண்டுக்கணக்கே மறுப்பாகும். அம்மௌனம் 1957இலேயே முழுமை பெற்றுவிட்டது. போதை கலையை வளர்த்தது என்பதும் வீண்பேச்சே. அது அவரிடமிருந்து ஆண்டுகளைப் பறித்தது, வேறொன்றும் தரவில்லை. குற்றத்தை மறைக்க வேண்டுமென்று நான் சொல்லவில்லை. அதனைக் கொண்டு சுரத்திற்குப் பொருள் சொல்லலாகாது என்கிறேன்.

புலவர் வரலாற்றைக் கரும்பலகையில் எழுதிய பின்னரே பாடலுக்கு வருவது ஆசிரியராகிய நம் வழக்கம். நானும் ஆண்டுக்கணக்கில் அவ்வாறே கற்பித்தேன். வேரிடம் அம்முறை உதவாது. ரோலின்சின் தட்டை முதலில் கேளுங்கள். சாக்சபோன் ஓய்ந்து, பேஸ் தனித்து ஒலிக்கும் இடங்கள் அதில் உள்ளன. அவ்விடங்களில் அவர் விட்டுவிட்ட தட்டுகளை எண்ணிப் பாருங்கள்.