தாழக் குதித்தவர்கள்

உயரத்தைப் பற்றி மனிதன் பெருமை அடித்துக்கொள்வது எனக்குப் புரிகிறது. மலை ஏறினேன், கோபுரம் ஏறினேன் என்று ஒருவர் சொன்னால், நாமும் தலையை நிமிர்த்திப் பார்த்து, "அப்பாடா!" என்கிறோம். ஆனால், தாழ்வைப் பற்றியும் பெருமை அடித்துக்கொள்ள முடியும் என்பது சென்ற மாதம் வரையில் எனக்குத் தெரியாது.

என் தங்கையின் பேரன்தான் அதைச் சொன்னான். "தாத்தா, பாராசூட் கட்டிக்கொண்டு உலகத்திலேயே மிகத் தாழ்வான இடத்திலிருந்து குதித்தவர் யார், தெரியுமா?" என்று கேட்டான். "நம் வீட்டுத் திண்ணையிலிருந்து நான் குதித்தால் அந்தப் பட்டம் எனக்கே வந்துவிடுமே!" என்றேன். பையன் சிரிக்கவில்லை. "பாராசூட் விரிய வேண்டும், தாத்தா" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முழுவதும் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவன் வீட்டுக் கணினியில் எனக்கு இரண்டு படங்கள் போட்டுக் காட்டினான். ஒன்று 2014-ல் மாரா ஸ்ட்ராச் என்ற அமெரிக்க மாது எடுத்த 'சன்ஷைன் சூப்பர்மேன்'. மற்றொன்று 1912-ல் பாரிஸில் எடுத்த, சில நிமிஷங்களே ஓடும் ஊமைச் செய்திப்படம். இரண்டையும் ஒருமிக்கப் பார்த்ததால் உண்டான எண்ணங்களையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாசகர்களுக்கு இந்த விளையாட்டைச் சற்று விளக்கிவிட வேண்டும். கட்டடம், கம்பிக் கோபுரம், பாலம், மலை முகடு ஆகிய நான்கிலிருந்தும் பாராசூட்டுடன் குதிப்பதற்கு 'பேஸ்' குதிப்பு என்று பெயர். இந்த நான்கின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துக்களைச் சேர்த்து உண்டாக்கிய சொல் அது. விமானத்திலிருந்து குதிப்பவருக்குக் கீழே மூவாயிரம், நாலாயிரம் மீட்டர் ஆகாயம் இருக்கிறது. முதல் குடை விரியாவிட்டால் இரண்டாவது குடை உண்டு. மேலும், விழுகிற வேகமே அவருக்குத் துணை. காற்று சீறிக்கொண்டு வந்து குடையை நிரப்பிவிடுகிறது. தாழ்ந்த இடத்திலிருந்து குதிப்பவருக்கோ இந்த மூன்றும் இல்லை. ஆகாயம் இல்லை, இரண்டாவது குடைக்கு அவகாசம் இல்லை, வேகமும் இல்லை. வேகம் இல்லாததால் துணி சோம்பலாக விரியும். ஆகையால் குடையின் நுனியை ஒரு கயிற்றினால் மேலே கட்டிவைக்கிறார்கள். ஆள் விழும்போது கயிறு குடையை இழுத்து விரித்துவிட்டுத் தானே அறுந்துபோகிறது. சில சமயம் கயிற்றுக்குப் பதிலாக ஒரு நண்பர் கையில் பிடித்துக்கொள்வதும் உண்டு.

1990-ல் ரஸ்ஸல் பவல் என்ற ஆங்கிலேயர் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்துக்குள்ளேயே குதித்தார். அங்கே குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றி ஒரு வட்ட மாடம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் சுவரோரமாக முணுமுணுத்தால் எதிர்ப்பக்கத்தில் கேட்கும். அந்த முணுமுணுப்பு மாடத்திலிருந்து தரை 31 மீட்டர். 1999-ல் ஆஸ்திரிய நாட்டு பெலிக்ஸ் பாம்கார்ட்னர், ரியோ டி ஜெனிரோவில் மலைமேல் நிற்கும் ஏசுநாதர் சிலையின் கையிலிருந்து 29 மீட்டர் குதித்தார். கணக்குப் பார்த்தால், 29 மீட்டரிலிருந்து விழும் ஒரு பொருள் தரையைத் தொட இரண்டரை விநாடிகூட ஆகாது. தொடும்போது அதன் வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். அந்த இரண்டரை விநாடிக்குள் ஒரு துணி மனசு வைக்க வேண்டும்!

இதே பாம்கார்ட்னர்தான் 2012-ல் ஏறக்குறைய 39 கிலோமீட்டர் உயரத்திலிருந்தும் குதித்தார். உலகம் அதைத்தான் நினைவில் வைத்துக்கொண்டது. 2025-ல் அவர் இத்தாலியில், இயந்திரம் பொருத்திய பறக்கும் குடையில் சென்றபோது விழுந்து இறந்தார். நான் நாவல் எழுதுகிறவன். இந்த மனிதரைப் பற்றி எழுதச் சொன்னால், 39 கிலோமீட்டரை விட்டுவிட்டு 29 மீட்டரைத்தான் எடுத்துக்கொள்வேன்.

ஏன் என்று சொல்லுகிறேன். உயரச் சாதனைக்கு முயல்கிறவர் தோற்றால், பாதியில் இறங்கி வீட்டுக்கு வரலாம். அடுத்த வருஷம் மறுபடியும் போகலாம். எவ்வளவு உயரம் தம்மால் முடியாது என்பதை அவர் உயிரோடு இருந்தே தெரிந்துகொள்கிறார். தாழ்வுச் சாதனையில் அப்படி இல்லை. 31 ஆயிற்று, 29 ஆயிற்று, இன்னும் குறைக்கலாமா என்று போகிறபோது, எங்கேயோ ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லை எது என்பதை அதைத் தாண்டியவரே காட்ட முடியும். ஆனால், தாண்டியவர் வந்து சொல்லப்போவதில்லை. சாதனைப் புத்தகத்தில் ஒரு வரிதான் இருக்கும்: பெயர், ஊர், மீட்டர், வருஷம். கடைசி எண்ணுக்குக் கீழே உள்ள வெற்றிடத்தைப் பற்றிப் புத்தகம் பேசுவதில்லை. கதை இருப்பதெல்லாம் அந்த வெற்றிடத்தில்தான்.

இப்போது 'சன்ஷைன் சூப்பர்மே'னுக்கு வருவோம். படத்தின் நாயகர் கார்ல் போனிஷ். வானத்தில் குதிப்பவர்களைப் படம் பிடிப்பதில் நிபுணர். 1969-ல் வந்த 'ஜிப்ஸி மாத்ஸ்' என்ற ஹாலிவுட் படத்துக்கு ஆகாயக் காட்சிகள் எடுத்தவர். 1978-ல் கலிபோர்னியாவில் எல் காபிடன் என்ற செங்குத்துப் பாறையிலிருந்து நண்பர்கள் குதிப்பதை அவர் படம் எடுத்ததிலிருந்துதான் இந்த விளையாட்டு பிரபலமாயிற்று. 'பேஸ்' என்ற பெயரும் அவரும் அவருடைய கூட்டாளிகளும் வைத்ததே. 1984 ஜூலையில் நார்வே நாட்டில், டிரோல் சுவர் என்னும் ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மலைச்சுவரிலிருந்து அவரும் அவர் மனைவி ஜீனும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காகக் குதித்து, உயரத்தில் உலகச் சாதனை செய்தார்கள். ஓரிரு நாளைக்குள் அவர் அதே மலைத்தொடரில் வேறோர் இடத்திலிருந்து தனியாகக் குதித்து இறந்தார்.

படத்தின் பெரும் பலம், போனிஷ் தம் கையால் எடுத்த பழைய காட்சிகள். பாறை விளிம்பில் நின்றவர், ஒரு கணத்தில் அந்த விளிம்பை விட்டுவிடுகிறார். காமிராவும் அவரோடு சாய்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் கால்விரல்கள் தாமாகவே மடங்கிக்கொண்டன. இதைவிட ஒரு படத்துக்கு என்ன சான்றிதழ் வேண்டும்?

ஆனால், டைரக்டர் தம் நாயகரிடம் வைத்த பக்தி படத்தைக் கெடுக்கிறது. போனிஷ் எப்போதும் சிரிக்கிறார். எல்லாம் முடியும் என்கிறார். சங்கீதமும் அவரோடு சேர்ந்து ஆமாம் போடுகிறது. சாதனை செய்து முடித்த மனிதர் மறுபடியும் ஏன் மலை ஏறினார்? அதுதான் கதை. அந்தக் கேள்வியைப் படம் தொட்டுவிட்டு, கை சுட்டதுபோல் எடுத்துக்கொண்டுவிடுகிறது. நாவலாசிரியன் ஒருவன் இப்படிச் செய்தால் நாம் அவனை மன்னிப்போமா?

படத்தைக் காப்பாற்றுகிறவர் ஜீன்தான். கண்ணாடி அணிந்த, அமைதியான பெண்மணி. உணர்ச்சியை அளந்து பேசுகிறார். கணவர் இறந்த சில நாட்களில் அவர் அதே மலைக்குப் போய்த் தாமும் குதித்தார் என்று படம் சொல்லும்போது, இத்தனை நேரம் நாம் தவறான ஆளைக் கதாநாயகர் என்று எண்ணிக்கொண்டிருந்தோம் என்று தோன்றுகிறது. அந்தச் செயலைத் துக்கம் என்பதா, பிடிவாதம் என்பதா, காதல் என்பதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாமல் செய்வதே கலையின் வேலை. அந்தப் பத்து நிமிஷத்துக்காகப் படத்தைப் பார்க்கலாம்.

பாரிஸ் செய்திப்படத்தில் சங்கீதமும் இல்லை, பேச்சும் இல்லை. பிரான்ஸ் ரைஷெல்ட் என்ற தையற்காரர், விமானிகளின் உயிரைக் காக்க அங்கியோடு சேர்ந்த ஒரு பாராசூட்டைத் தைத்திருந்தார். தாழ்ந்த இடங்களில் செய்த சோதனைகளில் அது சரிப்படவில்லை. உயரம் போதாததுதான் குற்றம் என்று அவர் முடிவு கட்டினார். பொம்மையை வைத்துச் சோதிப்பார் என்று எண்ணிப் போலீஸார் அநுமதி கொடுத்தார்கள். 1912 பிப்ரவரி 4-ஆம் தேதி காலை, ஐபல் கோபுரத்தின் முதல் தளத்தில், 57 மீட்டர் உயரத்தில், அவர் தாமே அந்த அங்கியை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை.

கைப்பிடிச் சுவரின்மேல் ஒரு கால். கீழே பார்க்கிறார். குனிகிறார், நிமிர்கிறார். மறுபடியும் குனிகிறார். எத்தனை நீண்ட தயக்கம்! "திரும்பி வந்துவிடு, அப்பா!" என்று நூறு வருஷத்துக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சொன்னேன். பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவர் குதித்தார்; துணி அவரைச் சுற்றிக்கொண்டது. கடைசியில், உறைந்த தரையில் விழுந்த பள்ளத்தை யாரோ அளவுகோல் வைத்து அளக்கிறார்கள்.

அந்த அளவுகோலை என்னால் மறக்க முடியவில்லை. சாதனைப் புத்தகத்தின் கையில் இருப்பதும் அந்த அளவுகோல்தான். எத்தனை மீட்டர் என்று அது கேட்கிறது. கதை கேட்பது வேறு: அந்த மனிதர் ஏன் திரும்பிப் போகவில்லை? காமிரா எதிரே இருந்ததாலா? கீழே கூட்டம் காத்திருந்ததாலா? தம் தையலின்மேல் வைத்த நம்பிக்கையாலா? பெயர் தெரியாத படப்பிடிப்பாளர் ஒருவர், எதையும் விளக்காமல், அந்தத் தயக்கத்தை முழுசாகக் காட்டிவிட்டார். பெரிய படம் சாதிக்காததை அந்தச் சின்னப் படம் சாதித்தது அதனால்தான். ஆனால், அவரும் காமிராவைச் சுழற்றிக்கொண்டுதான் இருந்தார், ஓடிப்போய்த் தடுக்கவில்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

படம் முடிந்ததும் பையனைக் கேட்டேன், "உனக்கும் இப்படிக் குதிக்க ஆசையா?" என்று.

"இல்லை, தாத்தா. அவர் நிற்கிறாரே, அந்த இடம் மட்டும் மறுபடியும் பார்க்க வேண்டும்" என்றான்.

பையன் நல்ல வாசகனாக வருவான் என்று எனக்கு நம்பிக்கை உண்டாயிற்று.