தழும்பு மறைந்தால் போதுமா?

கழுத்தில் தழும்பே இல்லாமல் தைராய்டுப் புற்றுநோய்க்கு அறுவை செய்ய முடிகிறது. வியக்கத்தக்க முன்னேற்றம்தான். ஆயினும் ‘சிறுதுளை அறுவை’ என்ற ஒரே பெயரில் வெவ்வேறு முறைகள் உலவுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்போம்.

தைராய்டை ஒட்டிக் குரல்வளைக்குச் செல்லும் நரம்பு ஓடுகிறது. அதன் பின்புறம், குருதியில் கால்சியத்தின் அளவைக் காக்கும் பாராதைராய்டுச் சுரப்பிகள், பெரும்பாலும் நான்கு, அமைந்துள்ளன. நரம்பு பழுதுபட்டால் குரல் கம்மும்; சுரப்பிகள் பழுதுபட்டால் விரல்கள் மரத்துத் தசைகள் இழுக்கும். கழுத்தைக் கீறினாலும் வேறு வழியில் சென்றாலும் இந்த ஆபத்து உண்டு.

1990-களின் இறுதியில் இத்தாலியின் பீசா நகரில் பவுலோ மிக்கோலி குழுவினர், கழுத்தில் ஏறத்தாழ 1.5 செ.மீ. கீறலும் சிறு காமிராவும் கொண்டு சுரப்பியை அகற்றினர். கீறலும் சிறிது, உள்ளே செல்லும் வழியும் குறுகியது. பெயர் இதற்குப் பொருந்தும்.

தென் கொரியாவில் 2007 முதல் பரவிய முறையில், எந்திரக் கைகள் அக்குள் வழியாக நுழைகின்றன. தழும்பு அக்குளில் மறைகிறது. ஆனால் அங்கிருந்து கழுத்துவரை தோலுக்கடியில் நீண்ட வழி பிரிக்கப்படுகிறது. தாய்லாந்தின் அங்கூன் அனுவோங் 2016-இல் வெளியிட்ட முறையில், கீழுதட்டின் உட்புறம் மூன்று துளைகள் இடப்படுகின்றன. வெளியே தழும்பில்லை, ஆனால் மோவாய்க்கு உணர்ச்சி தரும் நரம்பு ஊறுபடாமல் காக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் தழும்பை மறைக்கும் முறைகள். உட்காயத்தைக் குறைக்கும் முறைகள் அல்ல.

தழும்பு அற்பமானதன்று. கழுத்துத் தழும்பைப் பிறர் உற்று நோக்குவது பலருக்கு வேதனையே. எனினும் புற்று முழுதும் நீங்கியதா, குரலும் கால்சியமும் காக்கப்பட்டனவா என்ற வினாக்களுக்குப் பிறகே அதன் இடம்.

இவற்றுக்கும் முந்திய வினா ஒன்றுண்டு. தென் கொரியாவில் 2011-இல் கண்டறியப்பட்ட தைராய்டுப் புற்று, 1993-இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. இறப்பு விகிதமோ மாறவில்லை. ‘ஸ்கேன்’ எனப்படும் கேளா ஒலிச் சோதனையில், தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய நுண்கட்டிகள் அகப்பட்டன. பலருக்கு அறுவையும் நடந்தது.

ஜப்பானில் கோபே நகரத்துக் கூமா மருத்துவமனை, 1993 முதல் 1 செ.மீ.க்கு மேற்படாத, ஆபத்துக் குறைந்த கட்டிகளை உடனே அறுக்காமல் கண்காணித்தது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பேருக்கே கட்டி 3 மி.மீ. அளவேனும் வளர்ந்தது. அவர்களுக்குப் பின்னர் அறுவை செய்தும் பயன் கிட்டியது.

நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய கட்டிக்கோ, மூச்சுக்குழலை ஒட்டிய கட்டிக்கோ இது பொருந்தாது. அங்கே தாமதம் கேடு. மற்றவர்கள், எந்த வழியில் அறுப்பது என்பதற்கு முன், இப்போதே அறுக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்பது நலம்.