முதுமால்பும் தளைநாரும்

உவமையைச் செய்யுளின் அணியாக மட்டும் நோக்கும் வழக்கம் நமது திறனாய்விலிருந்து இன்னும் நீங்கவில்லை. உவமையாக வருவது ஒரு தொழிலுக்குரிய கருவியாயின், அக்கருவியின் இயல்பை அறியாதவன் உவமையின் ஒரு பாதியையே பெறுகின்றான். சங்கச் செய்யுள்களில் வரும் 'மால்பு' என்னும் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

மால்பு என்பது மலைத்தேன் எடுப்போர் செங்குத்தான வரையில் சார்த்திய மூங்கிலேணி. கணுக்களே அதன் படிகள். ஆதலின் உரைகள் அதனைக் கண்ணேணி என்னும். நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், குரங்கும் ஏறமாட்டாத நெடுவரையில் மால்பையே வழியாகக் கொண்டு தேன் எடுத்தமையைக் கூறுகின்றது. வழுக்கும் பாசி மூடிய இடங்களில் சிறுமூங்கிலைப் பற்றிச் செல்லுமாறு கூத்தரை அறிவுறுத்துவதும் அந்நூலே. மலையேறுவோனின் பட்டறிவு அங்கே கவிதையாகியுள்ளது.

குறுந்தொகையின் இரு செய்யுள்களை இணைத்து நோக்குவோம். 60ஆம் செய்யுளில், பரணர் காட்டும் முடவன் உயரத்துத் தேனைக் கண்டு, கீழிருந்தவாறே வெறுங்கையை நக்குகின்றான். அவனுக்கு ஏறும் வழி இல்லை. சிறைக்குடி ஆந்தையாரின் 273ஆம் செய்யுளில் வழி உண்டு. ஆனால் அது முதுமால்பு. அதன் நிலை அறியாது ஏறிய மடவோனை, ஏமாந்த உலகுக்குத் தோழி உவமையாக்குகின்றாள். 'பழைய ஏணி' என்று பொருள் எழுதிவிட்டால் உரை முடிந்துவிடும், உவமை முடிவதில்லை. வெயிலிலும் மழையிலும் கிடந்து உளுத்த மூங்கில், கண்ணுக்கு ஏணியாகவே தோன்றும். காலின் பாரம் ஏறிய பின்னரே தன் உண்மையைக் காட்டும். தலைவன் பிரிவான் என்ற எண்ணமும் அத்தகையதே. ஆராயாது அதன்மேல் நெஞ்சின் பாரத்தை வைத்தலாகாது என்பதே தோழியின் கூற்று என்பது எமது கருத்து.

இவ்வறிவு பழங்காலத்தோடு ஒழிந்ததன்று. ஜயந்தி குரு உதும்பால 2016ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், இலங்கையருள் முதல்வராக எவரெஸ்ற் சிகரத்தை அடைந்தார். அம்மலையில் ஷேர்ப்பாக்கள் பருவந்தோறும் புதிதாகக் கயிறு கட்டுவர். முந்திய பருவங்களின் கயிறு பனியில் தொங்கினும் அதனை நம்பி ஏறுவது ஆபத்தாகும். அக்கயிறும் ஒரு முதுமால்பே.

வன்னி மாணவராகிய நமக்குப் பனிமலை தொலைவானது. வன்னியோ குளமும் வயலும் காடும் கொண்ட சமநிலம். ஆயினும் ஏறுதல் என்னும் தொழில் இங்கு அயலானதன்று. பனையேறுவோரின் காலில் தளைநார் உண்டு. தேய்ந்த தளைநார் எத்தகையது என்பதை அவர் நன்கறிவர். அத்தொழிலைச் சாதியின் பெயரால் இழித்த சமூகம், அவர்தம் சொற்களையும் கல்விக்குப் புறத்தே நிறுத்தியது. குறவரின் மால்பை 'இலக்கியச் சொல்' என்று போற்றுவோர், நம்மிடையே வாழும் தொழிலாளரின் தளைநாரை 'வழக்குச் சொல்' என்று ஒதுக்குவது எவ்வகை நியாயம்? இரண்டும் உயிரைத் தாங்கிய கருவிகளின் பெயர்களே.

எனவே, முதுமால்பின் பொருளைத் தேடுவோர் நிகண்டோடு நில்லாது பனையடிக்கும் செல்லல் வேண்டும். நூலில் உள்ள சொல்லுக்கு உரை எழுதும் தகுதி, நூல் எழுதாத கைகளுக்கும் உண்டு.