நோட்டில் இல்லாத எண்கள்

2018 நவம்பர் 15. கஜா புயல் கரையேற இன்னும் சில மணி நேரம். டெல்டாவில் ஒரு சிறுநகரத்து உள்ளூர் கேபிள் சேனலுக்கு நான் அப்போது பகுதிநேரமாகச் செய்தி எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எம்.ஏ. தமிழ் படிச்ச பையன், சந்திப்பிழை இல்லாம எழுதுவான் என்பதுதான் என் தகுதி. பேரிடர்ச் செய்திகளில் சேரி ஏன் இல்லை என்று பேசும்போதெல்லாம் நாம் புயலுக்குப் பிந்தைய காட்சிகளைத்தான் விமர்சிக்கிறோம். நான் பார்த்தவரையில் அந்தக் காரியம் புயலுக்கு முதல்நாளே முடிந்துவிடுகிறது.

ஏற்பாட்டில் ஒரு குறையும் சொல்லமுடியாது. ஜெனரேட்டருக்கு டீசல், கேமரா பேட்டரிகளுக்கு சார்ஜ், மைக்கில் சுற்ற பாலித்தீன் பை, ராத்தங்கும் பையன்களுக்குப் பரோட்டா. மேசைமேல் ஒரு நீளநோட்டு. தாசில்தார், தீயணைப்பு, மின்வாரியம், காவல்நிலையம், வி.ஏ.ஓ.க்கள். 2016 அக்டோபரோடு உள்ளாட்சிப் பதவிகள் காலாவதியாகி, தேர்தலும் நடக்காத நேரம் அது. அதனால் ஊருக்கு ஊர் முன்னாள் தலைவர்கள். பிறகு கோயில் தர்மகர்த்தா, தேங்காய் மண்டிக்காரர், அரிசி ஆலை முதலாளி. பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன். காலனி ஆள் ஒருத்தர் நம்பர்கூடக் கிடையாது. கேட்டேவிட்டேன்.

“ஊர் நம்பர்தான் இருக்கே தம்பி. அதுலயே காலனியும் வந்துரும்ல.”

அவர் கெட்டவரில்லை. டீ வாங்கிக்கொடுத்து அண்ணன் மாதிரி பேசுவார். ஆனால் சுடுகாடு வேறு, தண்ணித்தொட்டி வேறு, தேர் போகும் தெரு வேறு என்று இருக்கிற இடத்தில், சேதம் மட்டும் எப்படி அண்ணே ஒரே நம்பரில் வரும்? இதை அன்று நான் கேட்கவில்லை. சம்பள பாக்கி இருந்தது.

16ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே புயல் கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்துபோக, அடிபட்ட ஊர்களிலேயே டி.வி. ஓடவில்லை. சேனல் பையன்கள் மரத்தை வெட்டி வழி பண்ணிக்கொண்டு பைக்கில் போனார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அதில் ஒருவன் வீட்டு ஓடும் பறந்திருந்தது. ஆனால் போன இடமெல்லாம் நோட்டில் இருந்த இடம். போன் எடுத்தவர் தோப்பைக் காட்டினார், கேமரா தோப்பை எடுத்தது. சாய்ந்த தென்னைகள்தான் கஜாவின் பிம்பம் ஆயின. அரசும் மரத்துக்கு 1,100 ரூபாய் என்று அறிவித்தது. தென்னை போனது பெரிய இழப்பு, மறுக்கவில்லை. அந்த மரத்தில் ஏறினவனுக்கும், காய் உரித்தவனுக்கும், கீற்று முடைந்த பெண்ணுக்கும் மரம் சொந்தமில்லை. எண்ணிக்கொடுக்க அவர்களிடம் எதுவும் விழுந்துகிடக்கவில்லை, குடிசையைத் தவிர.

எங்கள் தெருவுக்குக் கேமரா ஐந்தாம் நாள் வந்தது. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த ஒரு ஆத்தாவைச் சொல்லச் சொன்னார்கள். வெளிச்சம் போதவில்லை என்று இன்னொரு தடவை. “அழுவுற அழுகையெல்லாம் அன்னிக்கே அழுதாச்சு தம்பி, இப்ப அரிசி எப்ப வரும்னு கேட்டுச் சொல்லு” என்றது ஆத்தா. அது ஒளிபரப்பாகவில்லை. நிவாரண லாரிகள் கேமரா போன வழியில்தான் போய்க்கொண்டிருந்தன என்பதை அந்த ஐந்து நாளில் கண்ணால் பார்த்தோம்.

இன்னொரு தயாரிப்பும் உண்டு, அதில் நானும் குற்றவாளி. முதல்நாளே வாக்கியங்களை எழுதிவைத்தேன். ஊர்ப்பெயரும் எண்ணிக்கையும் மட்டும் காலியிடம். ‘கனமழைக்கு ... பேர் பலி’, ‘அதிகாரிகள் விரைந்தனர்’. எல்லாச் சாவுக்கும் எழுவாய் மழையும் காற்றும்தான். அடுத்த ஆண்டு, 2019 டிசம்பர் 2 அதிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் அருந்ததியர் குடியிருப்பின் மேல் சுவர் விழுந்து 17 பேர் செத்தார்கள். தீண்டாமைச் சுவர் என்று அங்குள்ள மக்கள் சொன்ன சுவர். மழைச் சாவுக் கணக்கோடு அதையும் சேர்த்துச் சொன்ன செய்திகளைக் கேட்டபோது, என் காலியிடத்தில் 17 என்று யாரோ நிரப்பியதுபோல் இருந்தது. எழுவாய், பயனிலை பாடம் நடத்தத் தெரிந்த எனக்கு, சுவரை எழுவாயாக்க ஒரு வாக்கியம் எழுதிவைக்கத் தெரியவில்லை.

பிணம் அள்ளியவர்களைப் பற்றியும் எந்த நோட்டிலும் குறிப்பிருப்பதில்லை. 2004 சுனாமியின்போது நாகப்பட்டினத்துக்கும், 2015 வெள்ளத்தின்போது சென்னைக்கும் வெளியூர்களிலிருந்து துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எங்கே படுத்தார்கள், கையுறை இருந்ததா என்று கேட்க எந்த நிருபரையும் முன்கூட்டி ஒதுக்கிவைப்பதில்லை. அமைச்சர் வருகைக்கு ஒதுக்குகிறார்கள்.

வேலையை விடும்போது நோட்டின் கடைசிப் பக்கத்தில் எட்டு காலனிகளிலிருந்து ஆளுக்கொரு நம்பர் வாங்கி எழுதிவைத்துவிட்டு வந்தேன். ஐந்து பெண்கள், மூன்று ஆண்கள். 2020 நவம்பரில் நிவர் புயல் எச்சரிக்கை வந்த அன்று சேனலுக்குப் போன் போட்டு, அந்தப் பக்கம் இருக்குதா அண்ணே என்று கேட்டேன்.

“அது கிழிஞ்சுபோச்சு தம்பி, புது நோட்டு போட்டாச்சு. நீ நம்பரைச் சொல்லு, எழுதிக்கிறேன்.”

சொன்னேன். நாலாவது நம்பர் சொல்லும்போது, “கலெக்டர் ஆபீஸ் லைன்ல வராங்க” என்று வைத்துவிட்டார்.