முன்னோடி, மிராசு, மச்சம்: கால்வழி எழுதுவது பற்றிச் சில குறிப்புகள்

1

ஃபூக்கோவைப் படிப்பதற்கு முன்பே வம்சாவளி என்ற சொல் ஒரு விண்ணப்பத்தின் வழியாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. பூந்தமல்லிக்கு மேற்கே, செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம், வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் முன்னோர் ஒருவருக்குக் கொடுத்த நிலம் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பஞ்சமி நிலம். இப்போது அது வேறு கைகளில் இருக்கிறது. மனுவை எடுத்துக்கொண்டு போனபோது அலுவலகத்தில் இருந்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: 'பட்டா வாங்கினவருக்கு நீங்க என்ன உறவு தம்பி? வம்சாவளி போட்டு எடுத்தாங்க, பாக்கலாம்.'

ஆயாவிடம் கேட்டேன். தாத்தா பெயர் சொன்னாள், அவருடைய அப்பா பெயர் சொன்னாள். அதற்கு மேல் போகவில்லை. 'உங்க அப்பனுக்கு வெச்சதே அவங்க தாத்தா பேருதான். அதுக்கு மேல எனக்கு என்னா தெரியும் நைனா? ஏரி வெட்டப் போனவங்க, கரை போடப் போனவங்க. வெட்டுனவன் பேர எவன் எழுதி வெச்சான்?'

பேரன் என்றாலே பெயரன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தில் நாலு தலைமுறையை எழுதினால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. படிவத்தைப் பார்த்தவர் 'தப்பா எழுதியிருக்கீங்க' என்றார். ஒரு சமூகம் தன் செத்தவர்களை நினைவில் வைத்திருக்கும் முறையே அந்தப் படிவத்துக்குப் பிழையாகத் தெரிகிறது.

அதே மாதங்களில் ஒரு குடும்பத்தின் கால்வழியைப் படித்துக்கொண்டிருந்தேன். முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு கண்ணி அறாமல் வருகிற கால்வழி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடரின் குடும்பம். எங்கள் வீட்டுக் கிளை மூன்றாம் தலைமுறையில் முறிய, அந்தக் கிளை மட்டும் ஏன் முறியவில்லை? இந்தக் கட்டுரையின் கேள்வி இவ்வளவுதான்.

2

ஸ்கடர் குடும்பம் அமெரிக்காவில் 'பயனியர்' குடும்பம் என்று சொல்லப்படுகிற வகையைச் சேர்ந்தது. 1630களில் தாமஸ் ஸ்கடர் என்பவர் இங்கிலாந்திலிருந்து போய் மாசசூசெட்ஸின் சேலத்தில் குடியேறினார். அவருடைய பிள்ளைகள் லாங் ஐலண்டுக்குப் போய் ஹண்டிங்டன் முதலான ஊர்களில் வேர்பிடித்தார்கள். வழித்தோன்றல்கள் நியூ ஜெர்சிக்கு நகர்ந்தார்கள். அங்கே நத்தானியல் ஸ்கடர், மருத்துவர், அமெரிக்கக் கண்ட காங்கிரசின் உறுப்பினர். 1781இல் விடுதலைப் போரின் ஒரு சிறு மோதலில் சுடப்பட்டு இறந்தார். அவருடைய பேரன் ஜான் ஸ்கடர் 1819இல் மனைவி ஹேரியட்டுடன் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார், பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார், 1836இல் சென்னைக்கு மாறினார். ஏழு மகன்கள் இந்தியாவில் மிஷனரிகளானார்கள். மகன்கள் நிறுவிய ஆற்காடு மிஷன் 1853இல் முறையாக அமைந்தது. பேத்தி ஐடா 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தார். நாலு தலைமுறையில் 42 பேர், மொத்தம் 1,100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஊழியம் என்று கணக்குச் சொல்கிறார்கள். டோரதி ஜெலஸ் ஸ்கடர் எழுதி 1984இல் வந்த குடும்ப வரலாற்றின் தலைப்பிலேயே 'ஆயிரம் ஆண்டுகள்' இருக்கிறது.

இந்த மரம் ரத்தத்தால் வளர்ந்த மாதிரி தெரியும். வளர்த்தது காகிதம். உயில், நிலப் பத்திரம், திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவு, பிறகு மிஷன் சங்கத்துக்கு எழுதிய கடிதங்கள், அவற்றை அச்சிட்ட பத்திரிகைகள். ஹண்டிங்டன் ஊரின் முதல் பத்திரம் 1653இல் மாட்டினகாக் பூர்வகுடிகளிடமிருந்து வாங்கிய நிலத்துக்கானது. சில கோட்டுகள், கோடரிகள், மண்வெட்டிகள், கத்திகள், ஊசிகள் அதன் விலை. 'பயனியர்' என்ற சொல்லுக்கு யாருமில்லாத இடத்துக்கு முதலில் வந்தவன் என்று பொருள் கொள்ளும் கதையாடலை அதே குடியேறிகளின் முதல் பத்திரமே மறுக்கிறது. விற்றவன் இல்லாமல் வாங்கியவன் ஏது?

இந்தக் காகிதங்களைத் தேடித் தொகுக்கும் ஆசையும் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. பாஸ்டனில் நியூ இங்கிலாந்து வரலாற்று வம்சாவளிக் கழகம் தொடங்கியது 1845இல். ஐரிஷ் ஏழைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய காலம் அது. விடுதலைப் போர் வீரரின் நேர் வாரிசு என்று நிரூபித்தால்தான் சேர்த்துக்கொள்ளும் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' சங்கம் 1890இல் வந்தது. புதிதாக வருகிறவனிடம் 'நாங்கள் முன்னமே வந்தவர்கள்' என்று சொல்லவேண்டிய நெருக்கடியில் கால்வழி ஒரு சொல்லாடலாக உருத்திரள்கிறது.

அதே தேசத்தில் கறுப்பினத்தவர் தம் முன்னோரைத் தேடினால் 1870இல் ஒரு சுவரில் போய் முட்டுகிறார்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை. எசமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம். பெரும்பாலும் பெயர் கிடையாது. வெள்ளைப் பெண்களும் தப்பவில்லை. 1790 முதல் 1840 வரை கணக்கெடுப்பில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும். மனைவி, மகள் எல்லாம் வெறும் எண்ணிக்கை.

3

ஒவ்வொரு கால்வழிக்கும் ஒரு 'தோற்றக் கணம்' வேண்டியிருக்கிறது. ஸ்கடர் குடும்பத்தில் அது இரண்டு முறை நிகழ்கிறது. முதலாவது, ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன வீட்டில் மிஷன் பிரசுரம் ஒன்றைப் படித்து மனம் மாறியது. இரண்டாவது நாம் எல்லோரும் கேட்டது. 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டுகிறார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில். ஆண் மருத்துவரான ஐடாவின் தந்தையை அழைத்துப்போக மூவரும் மறுக்கிறார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் சாகிறார்கள். ஐடா மருத்துவம் படிக்க முடிவெடுக்கிறார்.

அந்த முடிவின் பலனை நான் சிறுமைப்படுத்த மாட்டேன். 1900இல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருந்தகம், 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. எங்கள் தெருவிலேயே 'வேலூருக்குக் கொண்டு போ' என்ற சொல்லால் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள். என் கேள்வி பிரதியைப் பற்றியது. கதவைத் தட்டிய ஆண்களுக்கு இந்தக் கதையில் சாதியும் மதமும் இருக்கின்றன. செத்த பெண்களுக்குப் பெயர்கூட இல்லை. அவர்கள் யாருடைய மகள்கள், வேறு பிள்ளைகளை விட்டுச் சென்றார்களா என்று கதை கேட்பதே இல்லை. மூன்று கால்வழிகள் அறுந்த இடத்தில் ஒரு கால்வழி தன் அர்த்தத்தைக் கண்டெடுக்கிறது.

நீட்சேயைப் பற்றி ஃபூக்கோ 1971இல் எழுதிய கட்டுரை இங்கேதான் உதவுகிறது. தூய்மையான ஒரு தோற்றுவாயைத் தேடிப் பின்னோக்கிப் போவதை அவர் சந்தேகிக்கிறார். தொடக்கத்தில் கிடைப்பது விபத்துகளும் கலப்புகளும் சண்டைகளும் என்கிறார். நிகழ்வுகள் எழுதப்படும் பரப்பு உடல் என்கிறார். ஐரோப்பியச் சிந்தனையை இங்கே இறக்குமதி செய்கிறேன் என்று நண்பர்கள் கோபிக்கலாம். அம்பத்தூரிலிருந்து ஆவடிக்குப் போகிற வழியிலேயே இதற்கு உதாரணம் நிற்கிறது.

4

திருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலில் எருக்கந்தூண் இரண்டு உண்டு. தொண்டைமான் குறும்பரோடு போருக்கு வந்தான், அவன் யானையின் கால் முல்லைக் கொடியில் சிக்கியது, கொடியை வெட்டினான், அடியிலிருந்த லிங்கத்தில் ரத்தம் வந்தது, பிறகு இறையருளால் குறும்பரை வென்று அவர்கள் கோட்டையிலிருந்த எருக்கந்தூண்களைக் கொண்டுவந்து நட்டான் என்பது தலபுராணம். இதோடு ஒட்டிய இன்னொரு கதையில் ஆதொண்டைச் சக்கரவர்த்தி புழலில் குறும்பரை அழித்து, காடு திருத்த வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினான்.

இதை வரலாற்று உண்மை என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. ஆனால் எல்லிஸ் 1810களில் மிராசு உரிமை பற்றி எழுதியபோது இந்தக் கதையை நில உரிமையின் தொடக்கமாக எடுத்துக்கொண்டார். 'மிராசு' என்ற அரபிச் சொல்லுக்கே பரம்பரைச் சொத்து என்றுதான் பொருள். காடு திருத்தியவனின் வாரிசு என்ற வாதம் கும்பினியின் காகிதத்தில் ஏறி, தரிசு நிலத்துக்கும் முன்னுரிமை கேட்கும் உரிமையாக ஆனது. செங்கல்பட்டுக் கலெக்டராயிருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதியபோது, அவர்களுக்கு நிலமும் வீட்டுமனையும் கிடைக்கவிடாமல் குறுக்கே நின்றது இந்த உரிமைதான் என்று கண்டார். அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை, பஞ்சமி நிலம். அந்த நிலத்தைக் கேட்ட போராட்டம் 1994இல் செங்கல்பட்டு மாவட்டத்துக் காரணையில் துப்பாக்கிச் சூட்டையும் சாவையும் கண்டது.

லாங் ஐலண்டும் தொண்டை மண்டலமும் ஒரே இலக்கணத்தில் பேசுவதைக் கவனியுங்கள். கதை இரண்டாவதாக வந்தவனிடமிருந்து தொடங்குகிறது. அவன் 'முதல்வன்' ஆகிறான். இருந்தவன் குறும்பனாக, காட்டானாக ஒரு வரியில் முடிகிறான். மண்ணை உண்மையில் வெட்டியவன் அந்த ஒரு வரியிலும் இல்லை. காடு திருத்தினார்கள் என்று எழுதுகிறவர்கள், யார் கையில் கோடரி இருந்தது என்று எழுதுவதில்லை.

'பயனியர்' என்ற சொல்லுக்குச் சென்னைப் படையில் வேறு பொருள் இருந்தது. 1780இல் திரட்டிய மதராஸ் பயனியர் படைக்கு வேலை, சேனை போவதற்கு முன்னால் போய் வழி வெட்டுவது, பள்ளம் தூர்ப்பது, பாலம் கட்டுவது. ஐரோப்பிய மொழிகளிலும் சொல்லின் பழைய பொருள் இதுதான். அமெரிக்கக் குடும்ப வரலாறு அதைக் குடும்பத் தலைவனாக்கியது. என் ஆயா சொன்னது பழைய பொருளை.

5

காகிதம் எங்களை முற்றாக விட்டுவிடவில்லை. 1860 முதல் 1911 வரை ஒன்றரை லட்சம் பேரை நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுக்கா, கிராமம், உயரம் எழுதினார்கள். கூடவே அங்க அடையாளம்: தழும்பு, மச்சம். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. இன்று தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அந்த எண்ணை வைத்துத்தான் பாட்டன் ஊரைத் தேடுகிறார்கள். ஸ்கடர்களின் கால்வழியைக் கடிதங்கள் காத்தன. எங்கள் ஆட்களின் கால்வழியை அவர்களை அடைத்து வைத்தவர்களின் பேரேடு காத்திருக்கிறது.

இதற்கு மறுவினையாக நம்மவர்கள் செய்வதென்ன? ஆவடி, அம்பத்தூர்ப் பக்கம் எந்தச் சாலையில் போனாலும் 'ஆண்ட பரம்பரை' சுவரொட்டி. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மன்னன், ஒரு கொடி, சேர சோழ பாண்டியரில் ஒருவர். அடித்தவனிடமிருந்து கம்பைப் பிடுங்காமல், அவனுடைய மரத்தையே வாங்கி நம் வீட்டு முற்றத்தில் நடுகிறோம். மன்னனிலிருந்து தொடங்கும் எந்தக் கால்வழியும் மறுபடி யாரையோ குறும்பனாக்கித்தான் முடியும். தலித் எழுத்திலும் இந்த ஆசை எட்டிப்பார்க்கிறது என்பதால்தான் இதை எழுதவேண்டியிருக்கிறது. எனக்கும் அந்த ஆசை இருந்தது. மறைக்கவில்லை.

வேறு வழி உண்டா? கால்வழியை உரிமையின் ஆதாரமாக ஏற்பதை முதலில் நிறுத்தலாம். பஞ்சமி நிலம் ஒரு சமூகத்துக்குச் செய்த அநியாயத்தை ஒப்புக்கொண்டு கொடுத்தது. ஒவ்வொரு வீடும் தன் பாட்டனைத் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும் என்பது மிராசின் தர்க்கம். அதை எதிர்த்துப் பிறந்த நிலத்துக்கே அந்தத் தர்க்கத்தைப் போடுகிறார்கள். அடுத்து, இருக்கிற காகிதங்களைத் தலைகீழாகப் படிக்கலாம். மிஷன் கடிதங்களில் பெயரில்லாமல் வரும் சமையற்காரி, உபதேசியார், வண்டிக்காரன். கப்பல் பட்டியலின் தழும்பு. ஸ்கடர் குடும்பம் யாழ்ப்பாணத்தில் புதைத்த கைக்குழந்தைகளும்கூட. யாருடைய மகிமைக்கும் உதவாத இந்தத் துண்டுகள்தான் உண்மையான கால்வழி.

மனுவோடு வம்சாவளிப் படிவத்தைத் திரும்பக் கொடுத்துவிட்டேன். மூன்று தலைமுறை எழுதியிருக்கிறது. நாலாவது கட்டத்தில் ஆயா சொன்னபடி 'ஏரி வெட்டியவர்' என்று எழுதினேன். 'பேரு எங்க தம்பி?' என்று கேட்டார்கள். கட்டம் காலியாக இருப்பதாகக் குறித்து வாங்கி வைத்திருக்கிறார்கள்.