சுண்டுவிரல் நகத்தளவு நீலம்

மொட்டில் இளஞ்சிவப்பு, விரிந்தால் நீலம். ஆல்பைன் ஃபர்கெட்-மீ-நாட் பூவின் ஐந்து இதழ்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் வளையம். மகரந்தச் சேர்க்கை முடிந்த பின் அது வெளுத்துவிடும். தேனீக்கு அந்தக் குறிப்பு போதும், அடுத்த பூவுக்குப் போய்விடும்.

ஐரோப்பிய மலைகளின் இந்தச் செடி ஒரு சாண் உயரந்தான். அலாஸ்காவின் மாநில மலரும் இதுவே. 1927-இல் ஏற்கப்பட்ட அலாஸ்காக் கொடியின் நீலத்துக்கு, அதை வரைந்த பள்ளிச் சிறுவன் பென்னி பென்சன் சொன்ன காரணங்களில் இந்தப் பூவும் ஒன்று.

இங்கிலாந்துத் தோட்டக்காரர்கள் துலிப் பாத்தியில் அடிவிரிப்பாக இதை நடுகிறார்கள். துலிப்பின் மொட்டைத் தண்டை மறைப்பதுதான் இதன் வேலையாம். எனக்கென்னவோ அங்கே துலிப்தான் துணைப்பாத்திரம்.

கோடையில் விதைத்தால் அடுத்த வசந்தத்தில் பூக்கும். அரை நிழலும், ஈரம் காத்து நீர் தேங்காத மண்ணும் வேண்டும். மண் காய்ந்தால் இலையில் சாம்பல் நோய் படரும். ஆயுள் குறைவு, ஆனால் தானே விதை உதிர்த்து முளைத்துக்கொள்ளும். ஆகவே பூ முடிந்த செடியை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். வேண்டாத இடத்தில் முளைத்ததைப் பிறகு களைந்துகொள்ளலாம்.