பிலிப்பைன்ஸில் சனாதிபதிக் கட்டளைகள்: ஒரு விமர்சன நோக்கு

அரசாங்கப் பத்திரங்களை இலக்கிய மாணவன் ஏன் படிக்கவேண்டும் என்று கேட்போர் நம்மிடையே உளர். படித்தேயாகவேண்டும் என்பது நமது துணிபு. அகத்திணைச் செய்யுளொன்றைக் கையிலெடுத்ததும் கூற்று யாருடையது, கேட்போர் யார் என்று வினவுகிறோம். காதலர் பேச்சுக்கே அவ்வினா வேண்டுமெனின், மக்களின் நிலத்தையும் நாவையும் உயிரையும் தொடும் ஆணையொன்றுக்கு அது எத்துணை இன்றியமையாதது! பிலிப்பைன்ஸ் நாட்டுச் சனாதிபதிகள் பிறப்பித்த நிறைவேற்றுக் கட்டளைகளை இந்த வினாவோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கட்டளை என்பது யாது? அந்நாட்டின் 1987ஆம் ஆண்டு நிர்வாகச் சட்டக்கோவை சனாதிபதியின் ஆணைகளை ஆறு வகையாக வகுக்கின்றது. அவற்றுள் முதலாவது நிறைவேற்றுக் கட்டளை. அரசியலமைப்போ சட்டமோ சனாதிபதிக்கு அளித்த அதிகாரத்தைச் செயற்படுத்துவதற்குப் பொதுவான, நிலையான விதிகளை வகுப்பது அதன் தொழில். எனவே, கூற்று சனாதிபதியுடையது. கேட்போர் அவருக்குக் கீழ்ப்பட்ட அமைச்சுகளும் திணைக்களங்களும். குடிமக்கள்மீது புதிய கடமையைச் சுமத்துவது சட்டமியற்றும் காங்கிரஸின் வேலை. இந்த எல்லையைத் தெளிவாக வரைந்த அச்சட்டக்கோவையே ஒரு நிறைவேற்றுக் கட்டளையாகத்தான் வெளிவந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. 292ஆம் இலக்கக் கட்டளையாக அது கையொப்பமிடப்பட்ட நாள் 1987 ஜூலை 25. புதிய காங்கிரஸ் கூடுவதற்கு அப்போது இரண்டே நாட்கள் இருந்தன.

எல்லைக்குள் நிற்கும் கட்டளைக்கும் உதாரணம் உண்டு. அமெரிக்க ஆட்சியின்போது ஆளுநர்கள் கையாண்ட இக்கருவி, 1935இல் அமைந்த பொதுநலவாய அரசின் சனாதிபதி மனுவேல் கெசோனுக்கு வந்துசேர்ந்தது. 1937 டிசம்பர் 30இல் அவர் 134ஆம் இலக்கக் கட்டளையால் தகாலோகு மொழியை அடிப்படையாகக் கொண்ட தேசிய மொழியைப் பிரகடனஞ் செய்தார். அதற்கு முன்னரே அரசியலமைப்பு வழிகாட்டியிருந்தது. சட்டமொன்று தேசிய மொழி நிறுவனத்தை அமைத்திருந்தது. நிறுவனம் ஆராய்ந்து பரிந்துரைத்திருந்தது. செபுவானோ பேசுவோரின் மனக்குறை அத்துடன் தீர்ந்துவிடவில்லை. ஆயினும், பலருடைய ஆலோசனைக்குப் பின் வந்த இறுதிச் சொல்லாக அக்கட்டளை அமைந்தது எனலாம்.

மார்க்கோஸின் காலத்திலே கட்டளையே முதற்சொல்லும் இறுதிச்சொல்லும் ஆயிற்று. இராணுவச் சட்டத்தைக் கொணர்ந்த 1081ஆம் இலக்கப் பிரகடனம் 1972 செப்டெம்பர் 21ஆந் தேதியைத் தாங்கியது. மக்களுக்கு அது அறிவிக்கப்பட்டதோ 23ஆந் தேதி மாலையில். இடையிலே கைதுகள் தொடங்கிவிட்டன. 22ஆந் தேதியிடப்பட்ட அறிவுறுத்தல் மடலொன்று பத்திரிகைகளையும் வானொலி, தொலைக்காட்சி நிலையங்களையும் கைப்பற்றுமாறு பணித்தது. செய்தியைச் சொல்லும் வாயை அடைத்துவிட்டே செய்தி சொல்லப்பட்டது! அப்பிரகடனத்தின் நடையும் நோக்கற்பாலது. '...ஆகவும்', '...ஆகவும்' என்று காரணங்கள் ஏடேடாக நீள்கின்றன. அக்காரணங்களை மறுத்துரைக்க எதிர்க்குரல் எதுவும் பத்திரத்தினுள் இல்லை. வெளியே மறுத்திருக்கக்கூடியவர்கள் சிறையில் இருந்தனர்.

அதன்பின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சனாதிபதி ஆணைச்சட்டங்கள் வெளிவந்தன. அவற்றுட் பல வர்த்தமானியில் வெளியிடப்படாமலே சட்டமாகக் கொள்ளப்பட்டன. தம்மைக் கட்டுப்படுத்தும் விதியைக் குடிமக்கள் கண்ணாலும் கண்டதில்லை. முன்னாள் செனற்றர் லொரென்சோ தன்யாதாவும் பிறரும் தொடுத்த வழக்கிலே, பிரசுரிக்கப்படாத பொது ஆணைகளுக்குச் சட்டவலிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1985இல் தீர்ப்பளித்து, 1986 டிசம்பரில் அதனை உறுதிசெய்தது. கேட்போர் அறியாத கூற்று கூற்றே அன்று என்பது நீதிமன்ற மொழியில் நிலைநாட்டப்பட்டது என்க.

இனி, முற்போக்காளர் பலரை மயக்கும் வாதமொன்றை எதிர்கொள்ளவேண்டும். "பிலிப்பைன்ஸ் காங்கிரஸ் நிலவுடைமைக் குடும்பங்களின் கோட்டை. அங்கே நிலச்சீர்திருத்தம் நிறைவேறுமா? நல்லெண்ணங் கொண்ட சனாதிபதி ஒரே கையொப்பத்தால் செய்வது மேலல்லவா?" என்பதே அவ்வாதம். இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. தேர்தல் இருப்பதனால் மட்டும் ஒரு சபை உழவரின் சபை ஆகிவிடுவதில்லை.

ஆனால், இவ்வாதத்தைச் சோதித்துப் பார்க்க வரலாறே ஒரு வாய்ப்பைத் தந்தது. 1986 பெப்ருவரியிலே மக்கள் வீதிக்கு வந்து மார்க்கோஸை வீழ்த்தினர். புதிய சனாதிபதி கொராசன் அக்கினோ, அவ்வாண்டு மார்ச் 25இல் வெளியிட்ட இடைக்கால அரசியலமைப்பின்படி, புதிய சட்டமன்றம் கூடும்வரை சட்டமியற்றும் அதிகாரத்தையும் தாமே வகித்தார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பால்மாக்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்திய 51ஆம் இலக்கக் கட்டளையும், குடும்பச் சட்டக்கோவையாகிய 209ஆம் இலக்கக் கட்டளையும் அந்த அதிகாரத்தின் விளைவுகளே. அவற்றின் நன்மையை நாம் மறுக்கவில்லை.

நிலத்தின் கதை வேறு. 1987 ஜனவரி 22இல் உண்மையான நிலச்சீர்திருத்தம் கோரிச் சனாதிபதி மாளிகையை நோக்கி நடந்த உழவர்கள்மீது மணிலாவின் மெந்தியோலாப் பாலத்தருகே துப்பாக்கிகள் வெடித்தன. பன்னிரண்டுக்குக் குறையாதோர் மாண்டனர். சரியாக ஆறு மாதங்களின் பின், ஜூலை 22இல், நிலச்சீர்திருத்தப் பிரகடனமும் 229ஆம் இலக்கக் கட்டளையும் வெளிவந்தன. காங்கிரஸ் கூட ஐந்து நாட்களே இருந்தன. தடுப்பதற்குச் சபை இல்லை. கையெழுத்திட ஒரே கை. ஆயினும், நிலப்பிரபு எத்தனை ஹெக்டேயரைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம் என்ற உயிர்நிலையான வினாவுக்கு அப்பத்திரங்கள் விடை கூறவில்லை. அது வரப்போகும் காங்கிரஸுக்கு விடப்பட்டது. மாறாக, கட்டளையின் பத்தாம் பிரிவு ஒரு வாயிலைத் திறந்தது. கம்பனிகளாகப் பதியப்பட்ட நிலவுடைமையாளர், நிலத்துக்குப் பதிலாகக் கம்பனிப் பங்குகளைத் தொழிலாளருக்கு வழங்கலாம் என்பதே அது.

1988ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டமும் அவ்வாயிலைத் திறந்தே வைத்தது. தார்லாக் மாகாணத்துக் கரும்புப் பெருந்தோட்டமாகிய லுயிசித்தா 1989இல் அதன் வழியே சென்றது. அத்தோட்டம் சனாதிபதியின் பிறந்தகமான கொகுவாங்கோ குடும்பத்தின் உடைமை. தொழிலாளர் கையிற் பத்திரம் வந்தது, மண் வரவில்லை. 2004 நவம்பர் 16இல் வேலைநிறுத்தஞ் செய்த தொழிலாளர்மீது நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தில் எழுவர் உயிரிழந்தனர். ஈற்றில், 2011 நவம்பரிலே, நிலத்தைப் பகிர்ந்தளிக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கட்டளைக்கும் அந்தத் தீர்ப்புக்கும் இடையே இருபத்துநான்கு ஆண்டுகள்!

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கட்டளையின் வேகம் அதைப் பிறப்பிக்கும் கையின் வர்க்க உறவுகளை அழித்துவிடுவதில்லை. காங்கிரஸ் இல்லாத வேளையிலும் நிலப்பிரபுத்துவம் மேசையருகே அமர்ந்திருந்தது. வெளியே நின்றவர்கள் உழவர்கள் மட்டுமே. மறுபுறம், அக்கட்டளை அந்த அளவுக்கேனும் வந்ததற்கு மெந்தியோலாவில் நடந்த கால்களே காரணம் என்பதையும் மறத்தலாகாது.

பின்வந்தோர் காலத்திலும் இதே வினா எழுந்தது. 2005 செப்டெம்பரில் சனாதிபதி அரோயோ பிறப்பித்த 464ஆம் இலக்கக் கட்டளை, அமைச்சர்களும் உயர் இராணுவ அதிகாரிகளும் தமது இசைவின்றிக் காங்கிரஸ் விசாரணைகளிலே தோன்றலாகாது என்றது. வெளித்தோற்றத்தில் கேட்போர் கீழுள்ள அதிகாரிகளே; எனவே எல்லைக்குட்பட்ட கட்டளை போலக் காணப்படும். ஆனால் அது பறிக்க முயன்றதோ மக்கள் பிரதிநிதிகளின் அறியும் உரிமை. உச்ச நீதிமன்றம் 2006 ஏப்பிரலில் அதன் முக்கிய பிரிவுகளைச் செல்லாதவையாக்கியது. எஞ்சியதை 2008இல் சனாதிபதியே மீட்டுக்கொண்டார்.

2018 டிசம்பரில் சனாதிபதி டுட்டேர்ட்டே பிறப்பித்த 70ஆம் இலக்கக் கட்டளையும் இத்தகையதே. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒழிப்பதற்கென அது தேசியச் செயலணியொன்றை அமைத்தது. சொல்லளவில் இது அரச நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் ஏற்பாடு. நடைமுறையிலோ தொழிற்சங்கத்தாரும் ஆசிரியர்களும் மாணவர்களும் கிளர்ச்சியாளரின் முகமூடிகள் எனப் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். இவ்வாறு ஒருவர்மீது சிவப்பு முத்திரை குத்துவது அவரது உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புக்கும் அச்சுறுத்தலாகும் என 2024 மே மாதம் வெளியான தீர்ப்பொன்றிலே உச்ச நீதிமன்றம் கூறியது. கட்டளை விளிப்பது அதிகாரியை. ஆனால் அதன் நிழல் விழுவது வகுப்பறையில்.

கட்டளைகள் யாவும் தீயன என்பது நமது முடிவன்று. ஓர் அரசு நாடோறும் செயற்படுவதற்கு அவை வேண்டும். ஆனால், கட்டளையால் வந்த நன்மையை அடுத்த சனாதிபதியின் கட்டளை துடைத்துவிடலாம். அதனைக் காப்பது சட்டமும், சட்டத்தைக் காப்பது அமைப்புற்ற மக்களுமே. ஆகவே, கட்டளையொன்று நம் கைக்கு வரும்போது அதன் முகவுரையின் இனிமையிலே மயங்காது மூன்று வினாக்களை எழுப்புவோமாக. இது யாரை விளிக்கிறது? யாரைத் தாக்குகிறது? தாக்கப்படுவோர் இது எழுதப்பட்டபோது எங்கே நின்றனர்? இவ்வினாக்களை மாணவர் கேட்கப் பழகுவாராயின், இலக்கணம் கற்பித்ததன் பயன் ஓரளவேனும் நிறைவேறியதாகும்.